எண்ணூர் சாலையில் இரண்டு பர்லாங்கு

அரிசிக் கஞ்சியின் மணம். சலவையிலிருந்து வந்த வேட்டியை உதறும்போது அது எழும். புதுச்சேரியில் என் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், வேட்டியைப் பாதி பிரித்தபடி நான் நின்றுவிடுவதுண்டு. அந்த மணத்துக்குள் ஒருவன் மல்லாந்து படுத்து மிதித்துக்கொண்டே இருக்கிறான். அவன் பெயர் காசிம். கடைசியாக ஐந்து நாள் அவனுடன் இருந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

சென்னையில் டிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர் இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் சென்னைக்குப் போவதே எங்களுக்கு வெளிநாட்டுப் பயணம். காசிமின் அஞ்சலட்டையில் இரண்டே வரி: வண்டி தயார். ஓட்டப்பந்தயக் கடிகாரத்தோடும் இரண்டு மெல்லிய டயரோடும் வந்து சேர்.

யுத்தத்தில் குண்டு விழும் என்று சென்னை பாதி காலியானபோது எங்கள் ஊருக்கு வந்தவன் அவன். என் வீட்டுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடையில் வேலை செய்தான். ஒருநாள் என் மேஜைமேல் கிடந்த பழைய பிரெஞ்சுப் பத்திரிகையைப் புரட்டியவன் ஒரு படத்தில் நின்றுவிட்டான். ஒரு மனிதன் சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் கிடந்து சைக்கிள் மிதிக்கிறான். அவனைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி ஒரு கூடு. கூட்டின் முன்பாதிதான் படத்தில் இருந்தது. பின்பாதியை யாரோ கிழித்துப் பொட்டலம் கட்டியிருந்தார்கள். கீழே அச்சிட்டிருந்ததை மொழிபெயர்த்துச் சொன்னேன்: மிதிக்கிறவனுக்கு எதிரி சாலையல்ல, காற்று. காசிம் அதை மூன்று தடவை சொல்லச் சொன்னான். சண்டை ஓய்ந்து ராயபுரம் திரும்பியபோது அந்த ஒரு பக்கத்தை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

நான் பகலில் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியன். மற்ற நேரமெல்லாம் வசனத்தில் கவிதை எழுதுகிறவன். கடிகாரம் பள்ளியின் தேகப்பயிற்சி ஆசிரியருடையது. எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரி அதை வாங்கிப் பார்த்தார். இது எதற்கு என்றார். சொன்னேன். அப்படியானால் சோதித்துவிடலாம் என்று ஆள் அனுப்பி டீ கொண்டுவரச் சொன்னார். ஆள் வாசல் தாண்டியதும் ஓர் அமுக்கு, டம்ளர் மேஜையைத் தொட்டதும் ஓர் அமுக்கு. முள் நின்ற இடத்தைக் காட்டி அந்த ஆளைக் கடிந்துகொண்டார். பேருந்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். எவ்வளவு எளிய காரியம் அது, கட்டைவிரலை இருமுறை அமுக்குவது.

முதல் நாள் டிராமிலேயே பாதி போயிற்று. ராயபுரத்துக்கு இன்னும் தொலைவிருக்க, மின்சாரம் நின்று டிராமும் நின்றது. யாரும் இறங்கவில்லை, யாரும் கோபிக்கவில்லை. எதிரே காலிடுக்கில் மீன்கூடையை வைத்துக்கொண்டிருந்த அம்மாள் கண்டக்டரிடம் நிதானமாகச் சொன்னாள்: “இன்னாபா இது பேஜாரு. எறக்கி வுட்ருந்தா என் மீனே இந்நேரம் நடந்து வூட்டுக்குப் போய்ருக்கும்.”

எங்கள் ஊர்க் கடல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றது. மாலையில் சுத்தமாக உடுத்திக்கொண்டு வந்து கரையில் உட்காரும். ராயபுரத்துக் கடல் கூலிக்காரக் கடல். விடிந்ததிலிருந்து சுமக்கிறது. நிலக்கரிப் புகை, தோல் மூட்டையின் நெடி, காயும் கருவாடு, துறைமுகத்துச் சங்கு. எங்கள் தெருவில் ஒரு குயில் கூவினால் நாள் முழுக்க அதைப் பற்றியே பேசலாம். இங்கே கப்பல் ஊதினாலும் திரும்பிப் பார்ப்பாரில்லை.

காசிமின் கடை டோல்கேட் போகும் பெரிய சாலையிலிருந்து ஒரு சந்துக்குள் இருந்தது. பின்னால் வீடு. அவன் மனைவி ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் கொடுத்தனுப்பினாள். எங்கள் ஊரில் ரொட்டியைத் தோய்த்துத் தின்போம். ஆப்பத்தின் நடுப்பஞ்சு குடிக்கிற அளவுக்கு எந்த ரொட்டியும் பாயாவைக் குடிக்காது என்று அன்று ஒப்புக்கொண்டேன். சாப்பிடும்போதே காசிம் விஷயத்தைச் சொல்லி முடித்தான். சைக்கிள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் இன்ஜினீயர் அவனுடைய வண்டியின் வரைபடத்தைப் பார்த்திருக்கிறார். வாயால் சொன்னால் போதாது, ஒரு விளையாட்டுக் கழகம் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்ட காகிதம் கொண்டுவா, பட்டறையில் உனக்கு இடம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். கழகச் செயலாளர் ஒருவரைப் பிடித்தாயிற்று. அவர் ஓய்வு பெற்று வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் பெங்களூர் போகிறார். அன்று காலை ஒரே ஒரு தரம் வந்து நிற்பார். சமமான சாலையில் இரண்டு பர்லாங்கு, அதாவது கால் மைல் தூரத்தை இருபத்தைந்து நொடிக்குள் கடந்தால் கையெழுத்து. கடிகாரம் பிடிக்கிறவன் ராயபுரத்தானாக இருக்கக் கூடாது என்பது அவர் நிபந்தனை.

“அதான் உன்ன கூப்ட்டேன் மாமு,” என்றான் காசிம். “நீ பொய் சொல்லத் தெரியாதவன்.”

இரண்டாம் நாள் ரயிலேறித் திருவொற்றியூர் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்ததற்குக் கூலியாக ஒரு கரித்தூள் கண்ணில் விழுந்து, நான் வண்டியை ஒற்றைக் கண்ணால்தான் முதலில் பார்த்தேன். கடற்கரைக் குப்பத்தில் தேசப்பன் என்ற படகுக்காரரின் கொட்டகையில் அது கிடந்தது. துணி போர்த்தாத பிரம்பு எலும்புகள். கரை ஒதுங்கிய பெரிய மீனைக் காக்கைகள் தின்றுவிட்டுப் போனதுபோல.

கூட்டைக் கட்டியவர் தேசப்பன். படகுக்குக் கூர்மை முன்னால்தானே, ஆகவே கூர்மையான பக்கம் முன்னால் வர வேண்டும் என்று அவர் ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறார். காசிம் வஞ்சிரத்தைக் காட்டினானாம்: தலைப்பக்கம் பருமன், வால்பக்கம் இளைப்பு. தேசப்பன் மசியவில்லை. கடைசியில் இரண்டு மாதிரிகளைக் கட்டையில் செதுக்கி, ஒரு கம்பின் இரு முனையிலும் கட்டி, கம்பின் நடுவில் கயிறு போட்டு, எண்ணூர்க் கழியில் படகுக்குப் பின்னால் இழுத்திருக்கிறார்கள். எந்தக் கட்டை பின்தங்குகிறதோ அதைத் தண்ணீர் அதிகம் பிடிக்கிறது என்று அர்த்தம். தேசப்பனுடைய கட்டை பின்தங்கிற்று. கம்பைத் திருப்பிக் கட்டி இழுத்தபோதும் அதுவே. கிழிந்துபோன படத்தின் பின்பாதியை இப்படித்தான் காசிம் கண்டுபிடித்தான்.

உள்ளே ஏறிப் படுத்துக் காட்டினான். அவன் உடம்பை அளந்து செய்தது. முழங்காலுக்கும் பிரம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம். வேறு யாரும் நுழைய முடியாது. முன்னால் சாலையைப் பார்க்க, கண்ணாடிக்குப் பதில் கழுவி எடுத்த எக்ஸ்ரே பிலிம். காலை ஊன்ற வழியில்லை. புறப்படும்போது நான்கு பேர் பிடித்துத் தள்ள வேண்டும், முடியும்போது நான்கு பேர் ஓடிப் பிடிக்க வேண்டும். கட்டுமரம் தள்ளுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அன்று பிற்பகல் வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த சலவைக்காரர் ஒருவர் மணலில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார். மெல்லிய மல் துணியைப் பிரம்பின்மேல் இழுத்துத் தைத்து, கஞ்சியைப் பூசி, காய்ந்தபின் மறுபடி பூசி, மூன்று பூச்சு. காயக் காயத் துணி விறைத்து, தட்டினால் மேளம்போல ஒலித்தது. மீன் வாடையையும் மீறி அந்த மணம் குப்பம் முழுக்கப் பரவிற்று.

மூன்றாம் நாள்தான் ஆடு வந்தது. காசிம் புது டயர்களைச் சக்கரத்தில் ஏற்றக் கடைக்குப் போயிருந்தான், தேசப்பன் கடலுக்கு. வெயிலில் காயும் கூட்டுக்கு நான் காவல். அலை பின்வாங்கும்போது மணலில் சிறு துளைகள் மூச்சு விட்டன. அதைப் பற்றி ஒரு வரி தோன்றியது. பிறகு இன்னொரு வரி. நான் தலை நிமிர்ந்தபோது ஓர் ஆடு கூட்டின் வால்துணியை ஒரு முழம் தின்று, மீதியையும் இழுத்துக்கொண்டிருந்தது.

காசிம் வந்தான். கிழிசலைச் சுற்றி ஒருமுறை நடந்தான். மணலில் உட்கார்ந்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகுதான் அவன் தோள் குலுங்குவது தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தான்.

“கஞ்சி போட்டா ஆட்டுக்கு நாஷ்டா ஆய்டும்னு அந்தப் படத்துல போடலியே மாமு.”

கைவசம் துணி இல்லை. என் மாற்று வேட்டியைக் கொடுத்தேன். மாலைவரை தைத்துக் கஞ்சி பூசினோம். வேட்டியின் நீலக்கரை வாலின் ஓரத்தில் ஒரு கோடாக நின்றது. தேசப்பன் கரையேறி வந்து பார்த்துவிட்டு, “இன்னா பாய், உன் மீனுக்குக் கல்யாணமா?” என்று கேட்டார். அவர் மனைவி வறுத்த கடம்பா மீனைச் சுடச்சுடத் தின்றோம். அந்த மன்னிப்பு அவ்வளவு எளிதாகக் கிடைத்தது. எளிதாகக் கிடைத்ததாலேயே, இன்னொன்று கேட்க வாய் வராது என்பது அப்போது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிகாலை. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்குப் போகும் சாலையில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தந்திக் கம்பங்கள், வளைவில்லாத ஒரு நீளம். பனியில் துணி தொய்யாதிருக்கக் கூட்டைக் கோணி போர்த்திக் கொண்டுவந்தார்கள். கடல் காற்று கிளம்பினால் கூடு படகுப் பாயாகிக் கவிழ்ந்துவிடும். அது கிளம்புமுன் முடிக்க வேண்டும் என்பது தேசப்பனின் கட்டளை. செயலாளர் தொப்பியும் கைத்தடியுமாக வந்து ஆரம்பக் கோட்டில் தானே கொடியோடு நின்றுகொண்டார். ஆரம்பத்தில்தான் எல்லோரும் ஏமாற்றுவார்கள் என்பது அவருடைய இத்தனை வருட அனுபவம். நான் முடிகிற இடத்தில், ஒரு மைல்கல்லின் எதிரே, தந்திக் கம்பப் பக்கம் தனியாக நின்றேன். கொடி தாழ்ந்ததும் அமுக்க வேண்டும். வண்டியின் மூக்கு கல்லைத் தொட்டதும் அமுக்க வேண்டும்.

தூரத்தில் நான்கு பேர் குரல் சேர்த்துத் தள்ளுவது கேட்டது. ஒரு வெள்ளைப் புள்ளி ஆடி, நேரானது. கொடி தாழ்ந்தது. அமுக்கினேன். அதுவரை நான் சரியாக இருந்தேன்.

முதலில் என்னைப் பிடித்தது அதன் மௌனம். சைக்கிள் என்றால் சங்கிலி கிரீச்சிடும், மட்கார்டு நடுங்கும். இதற்கு ஓசையே இல்லை. புள்ளி வளரவில்லை, வளராமலே இருந்து, சட்டென்று முழுசாக எதிரே இருந்தது. சூரியன் அப்போதுதான் கடலிலிருந்து ஒரு கையளவு ஏறியிருந்தான். வெளிச்சம் துணிக்குப் பின்னாலிருந்து வந்தது. கூடு உள்ளே விளக்கேற்றியதுபோலச் சிவந்தது. பிரம்புகள் இலை நரம்பாயின. நடுவே அவன் கால்களின் நிழல், பிறப்பதற்கு முன் ஏதோ ஒன்று ஓட்டுக்குள் உதைப்பதுபோல உதைத்துக்கொண்டு போனது. நீலக்கரை ஒரு கீற்றாக இழுபட்டது. என் வேட்டி, என்று நினைத்தேன். பிறகு ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு குளிர்ந்த காற்று முகத்தில் பட்டு நின்றது.

வண்டி கல்லைக் கடந்து மூன்றாவது தந்திக் கம்பத்தைத் தாண்டும்போதுதான் கையில் ஏதோ துடிப்பது தெரிந்தது. கடிகாரம். அமுக்கினேன். முப்பத்தொன்று.

தேசப்பனும் ஆட்களும் வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தேசப்பனின் உள்ளங்கை இரண்டும் சிராய்த்துச் சிவந்திருந்தன. இந்த வேகத்தில் வரும் என்று தெரிந்திருந்தால் கையில் கோணி சுற்றியிருப்பேன் என்றார். காசிம் கூட்டைத் திறந்து எழுந்தான். வியர்வையில் துணியின் கஞ்சி அவன் முதுகில் வெள்ளைத் திட்டாக ஒட்டியிருந்தது. என்னையே பார்த்தான். செயலாளர் சைக்கிள் ரிக்ஷாவில் வந்து சேர்ந்து கடிகாரத்தை வாங்கிப் படித்தார்.

“முப்பத்தொன்று,” என்றார். சாதாரணப் பந்தய சைக்கிளில் ஒரு பையன் இதைவிடச் சீக்கிரம் போயிருக்கிறான் என்று, வருத்தத்தோடுதான், சொன்னார்.

காசிமுக்குப் புரியவில்லை. உள்ளே தனக்கு ரொம்ப வேகமாக இருந்தது என்றான். பூட்டிய பெட்டிக்குள் இருப்பவனுக்கு எதுவும் வேகமாகத்தான் இருக்கும் என்றார் செயலாளர். தேசப்பன் கடலைப் பார்த்து, காற்று திரும்ப இன்னும் அரைமணி இருக்கிறது, இன்னொரு தரம் விடலாம் என்றார். செயலாளரும் தலையசைத்தார். எல்லோரும் காசிமைப் பார்த்தார்கள். காசிம் என்னைப் பார்த்தான்.

“கரீட்டா அமுத்தினியா மாமு? நீ கரீட்டா அமுத்தினேன்னா அவ்ளோதான் இது. இன்னொரு தரம் வலிச்சி ஒண்ணியும் ஆவப் போறதில்ல.”

அரைமணி நேரம் இருந்தது. சாலை இருந்தது. அவன் கால்களில் பலம் இருந்தது. நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. ஆனால் அந்த வார்த்தைக்குக் குறுக்கே ஆடு நின்றது. நேற்று வாலைத் தின்னவிட்டவன், இன்று இதையும். பள்ளியில் நாற்பது பேருக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கிறவன், சட்டைப்பையில் பென்சிலோடு, வாய் பிளந்து நின்றுவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால்.

“சரியாத்தான் அமுக்கினேன்,” என்றேன்.

செயலாளர் காகிதத்தில் எதையும் எழுதாமல் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, காசிமின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் கடல் காற்று வந்தது. யாரும் பிடிக்காமல் விட்டிருந்த கூடு ஒருமுறை தானே எழுந்து சாய்ந்தது.

அன்று மத்தியானமே காசிம் துணியைப் பிரித்தான். நான் பக்கத்தில் இருந்தேன். கோபமில்லை, அழுகையில்லை; பஞ்சரான ட்யூபைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தான். வாலைத் தான் தப்பாகப் போட்டுவிட்டதாகச் சொன்னான், அந்தப் படத்தின் மற்றப் பாதி கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும் என்றான். தேசப்பன், கூர்மை முன்னால் என்று நான் அன்றைக்கே சொன்னேன் என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிரம்புகள் கோழிக் கூண்டுக்காக அவர் வீட்டுக்குப் போயின. சரியான வால் அது. தண்ணீரும் சொன்னது, காற்றும் சொன்னது, தேசப்பனின் உள்ளங்கை சொன்னது. நான் ஒருவன்தான் சொல்லவில்லை. சாயங்காலம் செயலாளரின் ரயில் போயிருக்கும்.

என் வேட்டியை மட்டும் காசிம் தையல் பிரித்து, அவன் மனைவியிடம் அலசக் கொடுத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

ஐந்தாம் நாள் காலை என்னைப் பேருந்து ஏற்ற அவனும் வந்தான். வழியில் டீயும் பொறை ரொட்டியும் வாங்கித் தந்தான். எங்கள் ஊரில் வழியனுப்புகிறவர்கள் நிறையப் பேசுவார்கள். இங்கே பொறையை டீயில் தோய்க்கும்போது அது உடைந்து விழாமல் பார்த்துக்கொள்வதிலேயே இருவர் கவனமும் இருந்தது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இந்த முறை ஏதும் கண்ணில் விழவில்லை. டிரைவர் ஏறிவிட்டார். அப்போது சொன்னேன். தாமதமாக அமுக்கினேன், மூன்று கம்பம் போனபிறகு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், இருபத்திரண்டு, அதற்கு மேல் போகாது. வால் சரி. வண்டி சரி.

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயில் வைத்த பீடியைப் பற்றவைக்காமலே எடுத்துவிட்டான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருக்கலாம்.

“இன்னா பண்ணிகினு இருந்தே?”

“பார்த்துட்டிருந்தேன்.”

இன்ஜின் உறுமிக் கம்பி அதிர்ந்தது. பிறகு, எனக்குச் சரியாகக் கேட்க வேண்டும் என்பதுபோல, முகத்தை ஜன்னலுக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

“நான் உள்ள இருந்தேன். எனக்குத் தெரியாது. எப்டி இருந்துச்சி மாமு, பாக்கறதுக்கு?”

வெளிச்சம், பிரம்பு, நிழல், நீலக்கரை எல்லாம் தொண்டைவரை வந்தன. வண்டி நகர்ந்தது. அவனும் கம்பியைப் பிடித்தபடி நடந்தான்.

“அழகா இருந்தது,” என்றேன்.

அவன் கையை எடுத்தான்.

“இன்னாபா, எழுதறவன் நீ. அவ்ளோதானா?”